உருளைக்குள் அடங்காத வெப்பம்: 2013 மேக் புரோ குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

ஆய்வின் எல்லை

ஆப்பிள் நிறுவனம் புதிதாக எதையும் உருவாக்குவதை நிறுத்திவிட்டதா என்ற கேள்வி, அதன் இணை நிறுவனர் 2011 அக்டோபர் 5 அன்று மறைந்ததிலிருந்து ஏறத்தாழ ஆண்டுதோறும் எழுப்பப்பட்டு வருகிறது. இதைப் பொதுவான கேள்வியாகவே வைத்துக்கொண்டால், விடை சொல்பவரின் விருப்பு வெறுப்பே விடையாக வந்து நிற்கும். ஆகவே இந்த ஆய்வு ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொள்கிறது. 2013-இல் அறிவிக்கப்பட்ட உருளை வடிவ மேக் புரோ கணினிதான் இந்தக் குற்றச்சாட்டுக்கு அந்த நிறுவனம் மேடையேறி அளித்த பதில். நான்கு ஆண்டுகள் கழித்து, அந்த வடிவமைப்பு தங்களை முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டது என்று ஒப்புக்கொண்டதும் அதே நிறுவனம். குற்றச்சாட்டு, பதில், பிழை, ஒப்புதல், திருத்தம் என அனைத்தும் ஒரே பொருளின் வரலாற்றில் வரிசையாகக் கிடைப்பது அரிது. தொடர்புடைய அலுவலர்கள் இங்கே பதவியால் மட்டும் குறிக்கப்படுகிறார்கள்.

பின்னணி: 2006 முதல் 2013 வரை

திரைப்படத் தொகுப்பாளர்கள், ஒலிக்கலவைக் கலைஞர்கள், முப்பரிமாண அசைவூட்டம் செய்வோர், ஆய்வுக்கூடங்கள் ஆகியோருக்கென வந்த கணினி மேக் புரோ. 2006 ஆகஸ்டில் இன்டெல் நிறுவனத்தின் ஜியான் செயலிகளுடன் வந்த முதல் மேக் புரோ, துளையிட்ட முகப்புடைய பெரிய அலுமினியப் பெட்டியாக இருந்தது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் உள்ளே நான்கு ஹார்டு டிஸ்க்குகளுக்கான இழுப்புத் தட்டுகளும், கூடுதல் அட்டைகளைச் செருக நான்கு இடங்களும் தெரியும். கிராபிக்ஸ் அட்டை பழையதாகிவிட்டால் அதை மட்டும் மாற்றிக்கொண்டு அதே பெட்டியை இன்னும் சில ஆண்டுகள் ஓட்டுவது அந்தத் தொழில்களில் வழக்கம். ஸ்டூடியோக்கள் தங்கள் செலவைத் திட்டமிட்டதே இந்த வழக்கத்தை நம்பித்தான்.

2010-க்குப் பிறகு இந்த வரிசை கவனிப்பாரின்றிக் கிடந்தது. 2011 ஜூனில் வெளியான ஃபைனல் கட் புரோ எக்ஸ் என்ற தொகுப்பு மென்பொருளில், பல கேமராக் காட்சிகளை ஒருசேரத் தொகுக்கும் வசதியும் பழைய பதிப்பின் கோப்புகளைத் திறக்கும் வசதியும் இல்லாமல் போனதால், தொழில்முறைத் தொகுப்பாளர்கள் ஏற்கெனவே மனம் கசந்திருந்தார்கள். 2012 ஜூனில் வந்த மேக் புரோ புதுப்பிப்பு பெயரளவிலானது. அதே நிறுவனத்தின் மடிக்கணினிகளில் வந்துவிட்ட யுஎஸ்பி 3, தண்டர்போல்ட் ஆகிய அதிவேகக் கம்பி இணைப்புகள்கூட அதில் இல்லை. அந்நாட்களில் ஒரு வாடிக்கையாளரின் மின்னஞ்சலுக்குத் தலைமைச் செயல் அதிகாரி நேரடியாகப் பதில் எழுதி, தொழில்முறைப் பயனர்களுக்காக அடுத்த ஆண்டின் பிற்பகுதியில் ஒன்று வரவிருக்கிறது என்று உறுதியளித்தார். இதற்கிடையே, திருத்தப்பட்ட மின்பாதுகாப்பு விதி ஒன்றுக்குப் பழைய பெட்டி பொருந்தாததால், 2013 மார்ச் 1 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதன் விற்பனை நின்றே போனது.

நிறுவனத்தின் பொது நிலையும் அப்போது சரியாக இல்லை. 2012 செப்டம்பரில் வெளியிட்ட வரைபட மென்பொருள் பாலங்களை வளைத்தும் ஊர்களை இடம் மாற்றியும் காட்டியதால், தலைமைச் செயல் அதிகாரி பகிரங்கமாக மன்னிப்புக் கேட்க நேர்ந்தது. அதே மாதம் 700 டாலரைத் தாண்டியிருந்த பங்கு விலை, 2013 ஏப்ரலில் 400 டாலருக்கும் கீழே இறங்கியது. ஐபோன் 2007-இலும் ஐபேட் 2010-இலும் வந்தவை. அடுத்தது எங்கே என்ற கேள்வி முதலீட்டாளர்களிடமும் பத்திரிகைகளிலும் ஓயாமல் ஒலித்தது. ஆராய்ச்சி, மேம்பாட்டுச் செலவு 2012 நிதியாண்டில் 340 கோடி டாலராக இருந்து மறு ஆண்டில் 450 கோடி டாலராக உயர்ந்தது. ஆனால் அந்தப் பணம் எதற்குச் செலவாகிறது என்பது வெளியாருக்குத் தெரிய வழியில்லை.

மேடையில் அளித்த பதில்: ஜூன் 10, 2013

சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆண்டு நிரலாளர் மாநாட்டில், சந்தைப்படுத்தல் பிரிவின் மூத்த துணைத் தலைவர் புதிய மேக் புரோவின் முன்னோட்டத்தைக் காட்டினார். விற்பனைக்கு வரப் பல மாதங்கள் இருக்கும் ஒரு கணினியை அந்த நிறுவனம் முன்கூட்டிக் காட்டுவது வழக்கமில்லை. படம் திரையில் ஓடி முடிந்ததும், இனிப் புதிதாக எதையும் செய்ய எங்களுக்குத் துப்பில்லையாம் என்ற பொருள்படும் ஒரு வாக்கியத்தை, மேடையில் யாரும் எதிர்பாராத கொச்சைச் சொல் ஒன்றுடன் அவர் சேர்த்துச் சொன்னார். அரங்கம் ஆரவாரித்தது. இந்த ஆய்வில் திரும்பத் திரும்ப நினைவுகொள்ள வேண்டிய தருணம் அது.

ஒரு நியாயத்தை இங்கேயே சொல்லிவிட வேண்டும். இத்தகைய கணினியை வடிவமைக்க ஆண்டுகள் பிடிக்கும் என்பதால், பங்கு விலை சரிவதற்கு முன்பே உருளையின் வரைபடங்கள் தயாராகத் தொடங்கியிருக்க வேண்டும். ஆகவே குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லவே அது வடிவமைக்கப்பட்டது என்று கூறுவது பொருந்தாது. ஆனால் அந்த வாக்கியம் உச்சரிக்கப்பட்ட பிறகு அது வெறும் கணினியாக இருக்க முடியவில்லை. நிறுவனத்தின் மானத்தோடு பிணைந்துவிட்டது. பிற்காலத் தாமதத்தில் இதற்கும் பங்குண்டு என்பது என் ஊகம்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

கருநிற உலோகப் பளபளப்புடன் இருந்த அந்த உருளை 9.9 அங்குல உயரமும் 6.6 அங்குல விட்டமும் கொண்டது. கொள்ளளவில் பழைய பெட்டியின் எட்டில் ஒரு பங்கு. பின்புறத் தாழ்ப்பாளை நகர்த்தினால் வெளிக்கூடு அப்படியே மேலே கழன்று வரும். நடுவே முக்கோணக் குழலாக அமைந்த ஓர் அலுமினியத் தண்டு. அதன் மூன்று முகங்களிலும் மூன்று மின்சுற்றுப் பலகைகள் ஒட்டி நிற்கும். ஒன்றில் செயலி, மற்ற இரண்டில் ஏஎம்டி நிறுவனத்தின் கிராபிக்ஸ் செயலிகள். மூன்றின் வெப்பமும் அந்த ஒரே தண்டுக்குள் இறங்க, உச்சியில் உள்ள ஒரே விசிறி அடியிலிருந்து காற்றை உறிஞ்சி மேலே தள்ளும். கணினியைக் கையால் சற்றுத் திருப்பினால் பின்புற இணைப்புத் துளைகளைச் சுற்றி விளக்கு எரியும். பொறியியல் வேலைப்பாடு என்ற அளவில் இதில் குறைகாண்பது எளிதன்று. ஒரு பலகை சும்மா இருக்கும்போது அதன் பங்குக் குளிர்ச்சியை மற்றவை பயன்படுத்திக்கொள்ளும் ஏற்பாடு உண்மையில் அழகானது.

இதன் பின்னே மூன்று கணிப்புகள் இருந்தன. முதலாவது, எதிர்கால மென்பொருள்கள் இரண்டு நடுத்தர கிராபிக்ஸ் செயலிகளுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் என்பது. கிராபிக்ஸ் செயலிகளிடம் பொதுவான கணக்கீட்டு வேலையையும் ஒப்படைக்க உதவும் ஓபன்சிஎல் என்ற பொதுத் தரத்தைத் தொடங்கிவைத்ததே ஆப்பிள் என்பதால் இந்த நம்பிக்கைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. இரண்டாவது, ஹார்டு டிஸ்க்குகளும் கூடுதல் அட்டைகளும் பெட்டிக்குள் இருக்கத் தேவையில்லை, ஆறு தண்டர்போல்ட் 2 துளைகள் வழியே வெளியில் இணைத்துக்கொள்ளலாம் என்பது. மூன்றாவதை யாரும் வெளிப்படையாகச் சொன்னதாகத் தெரியவில்லை: இந்த இரண்டு கணிப்புகளும் பொய்க்காது என்பதே அது. பழைய பெட்டியை மாற்று ஏற்பாடாக விற்பனையில் வைத்திருக்கவில்லை; உருளைக்குள்ளும் தப்பிக்க இடம் விடவில்லை.

அமெரிக்காவில் உற்பத்தி செய்வதற்காக 10 கோடி டாலர் முதலீட்டை நிறுவனம் முன்பே அறிவித்திருந்ததால், இக்கணினி டெக்சஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பாகங்களை இணைத்து உருவாக்கப்பட்டது. அங்கே தேவையான அளவுக்குத் திருகாணி செய்து தரும் பட்டறை கிடைக்காமல், இருபது பேர் வேலைசெய்யும் ஒரு சிறு பட்டறையை நம்பவேண்டியிருந்தது என்றும், அது நாளொன்றுக்கு ஆயிரம் திருகாணிகளுக்கு மேல் செய்ய இயலாமல் திணறியது என்றும் அமெரிக்க நாளிதழ் ஒன்று 2019 ஜனவரியில் எழுதியது. நம் கதைக்கு இது கிளைச்செய்தியே.

விற்பனைக்குப் பின் கவனிக்கப்பட்டவை: 2013 டிசம்பர் முதல் 2017 வரை

2013 டிசம்பர் 19 அன்று 2,999 டாலர் தொடக்க விலையில் முன்பதிவு தொடங்கியது. ஃபைனல் கட் புரோ எக்ஸ் மென்பொருளின் புதிய பதிப்பு இரண்டு கிராபிக்ஸ் செயலிகளையும் நன்றாகப் பயன்படுத்தியதால், அதிலேயே முழுமையாக வேலைசெய்தவர்கள் திருப்தியடைந்தார்கள். மற்றவர்களின் அனுபவம் வேறாக இருந்தது.

மென்பொருள் உலகம் எதிர்த்திசையில் நகர்ந்தது. அதிக மின்சாரம் உண்ணும் ஒரே பெரிய கிராபிக்ஸ் அட்டைக்கு எழுதுவதே நிரலாளர்களுக்கு எளிதாக இருந்தது. படக் காட்சியாக்கத்திலும் அப்போதுதான் வளர்ந்துகொண்டிருந்த இயந்திரக் கற்றலிலும் என்விடியா நிறுவனத்தின் அட்டைகளில் மட்டுமே இயங்கும் கியூடா என்ற நிரலாக்க முறை நிலைபெற்றது. உருளையிலோ ஏஎம்டி மட்டுமே. ஒற்றைப் பெரிய அட்டை ஒன்று மட்டுமே 250 வாட் வரை வெப்பம் உமிழும் காலம் வந்தபோது, முழுக் கணினிக்கும் 450 வாட் மின்வழங்கியும் மூன்று முகங்களிலும் ஏறக்குறையச் சமமான வெப்பம் இறங்கும் என்று கணக்கிட்ட தண்டும் அதைத் தாங்க வழியில்லை. சதுரமான பழைய பெட்டியாக இருந்தால் பெரிய விசிறி ஒன்றைப் போட்டுச் சமாளித்திருப்பார்கள்.

வெளியே இணைத்துக்கொள்ளலாம் என்ற கணிப்பும் அரைகுறையாகவே பலித்தது. தண்டர்போல்ட் 2 நொடிக்கு 20 கிகாபிட் கடத்தும். பெட்டிக்குள் கிராபிக்ஸ் அட்டையைச் செருகும் பதினாறு வழி இணைப்பு அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் கடத்தும். சேமிப்புக்குத் தண்டர்போல்ட் போதும், கிராபிக்ஸுக்குப் போதாது. அழகிய உருளை நடுவில் நிற்க, அதைச் சுற்றி டிஸ்க் பெட்டி ஒன்று, ஒளிப்பதிவு உள்ளீட்டுப் பெட்டி ஒன்று, பழைய அட்டைகளைச் செருக இன்னொரு பெட்டி ஒன்று, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மின்கம்பி என்று எடிட்டர்களின் மேசைகள் காட்சியளித்தன. குறைத்த இடமெல்லாம் மேசைமேல் திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. கணினிக்குக் குப்பைத்தொட்டி என்ற பட்டப்பெயரும் நிலைத்துவிட்டது. 2016 தொடக்கத்தில், சில உருளைகளின் கிராபிக்ஸ் செயலிகளில் கோளாறு ஏற்பட்டதை ஏற்று நிறுவனம் இலவசப் பழுதுநீக்கத் திட்டமும் அறிவிக்க நேர்ந்தது.

இவை எல்லாவற்றையும்விடக் கவலை தந்தது, ஒன்றுமே நடக்காமல் இருந்ததுதான். 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் செயலி மாறவில்லை, கிராபிக்ஸ் மாறவில்லை, விலைகூட இறங்கவில்லை. இன்டெல் புதிய ஜியான் செயலிகளை வெளியிட்டபடி இருந்தது. போட்டி நிறுவனங்களின் விண்டோஸ் பணிநிலையங்கள் அவற்றை ஏற்றுக்கொண்டபடி இருந்தன. புத்தாக்கம் நின்றுவிட்டதா என்று அந்தக் காலத்தில் ஒரு படத்தொகுப்பாளர் கேட்டிருந்தால், அவருடைய மேசையைப் பொறுத்தவரை ஆம் என்பதே நேர்மையான விடையாக இருந்திருக்கும்.

அதே ஆண்டில் நடந்த மற்றொன்று

உருளை மேடையேறி மூன்று மாதம் கழித்து, 2013 செப்டம்பர் 10 அன்று ஐபோன் 5எஸ் அறிவிக்கப்பட்டது. அதிலிருந்த ஏ7, கைப்பேசியில் இடம்பெற்ற முதல் 64 பிட் செயலி. 2008-இல் சுமார் 27.8 கோடி டாலருக்கு வாங்கப்பட்ட சிறிய செயலி வடிவமைப்பு நிறுவனத்தில் தொடங்கிய நீண்ட முயற்சியின் பலன் அது. பத்திரிகைகளின் கவனம் விரல்ரேகைப் பொத்தானிலும் தங்க நிறத்திலும் நின்றுவிட்டது. போட்டிச் செயலி நிறுவனம் ஒன்றின் உயர் அலுவலர், 64 பிட் என்பது விளம்பர உத்தி, பயனருக்கு அதனால் பயனில்லை என்று கூறினார்; அவருடைய நிறுவனமே சில நாட்களில் அந்தக் கூற்று சரியன்று என்று விளக்கம் தந்தது.

ஒரே ஆண்டில் இரண்டு பொருள்கள். கண்ணுக்குத் தெரிந்த புதுமை முட்டுச்சந்தில் முடிந்தது. கண்ணுக்குத் தெரியாதது பின்னர் நிறுவனத்தின் எல்லாக் கணினிகளையும் மாற்றியது. புத்தாக்கம் நின்றுவிட்டதா என்று கேட்டவர்களும், நிற்கவில்லை என்று மேடையில் சீறியவரும் ஒருசேரத் தவறான பொருளையே சுட்டிக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது திரும்பிப் பார்க்கையில் தோன்றுகிறது.

ஒப்புதல்: ஏப்ரல் 2017

2017 ஏப்ரல் 4 அன்று வெளியான செய்தி பலரையும் வியப்பில் ஆழ்த்தியது. விரல்விட்டு எண்ணக்கூடிய சில செய்தியாளர்களை நேரில் அழைத்து, மூன்று உயர் அலுவலர்கள் உருளையின் தோல்வியைத் தாங்களே விளக்கியிருந்தார்கள். வெப்பத்தைப் பொறுத்தவரை எங்களை நாங்களே ஒரு மூலையில் கொண்டுபோய் அடைத்துக்கொண்டோம் என்ற கருத்தை மென்பொருள் பிரிவுத் தலைவர் சொன்னார். 2013-இல் மேடையில் சவால் விட்ட அதே அலுவலர், புதுப்பிப்புகள் தடைப்பட்டதற்கு வருத்தம் தெரிவித்தார். முற்றிலும் புதிதாகச் சிந்தித்த, பாகங்களை மாற்றிக்கொள்ளத்தக்க மேக் புரோ வரும், ஆனால் இந்த ஆண்டு வராது என்றும் அறிவித்தார்கள்.

மேக் விற்பனையில் மேக் புரோவின் பங்கு ஒற்றை இலக்க விழுக்காடு என்று அவர்களே சொல்லியிருக்கையில், இத்தனை சங்கடத்தை ஏன் ஏற்றுக்கொண்டார்கள் என்பது ஆராயத்தக்கது. வெளிவராத பொருளைப் பற்றி வாய் திறக்காத நிறுவனம் அது. ஆனால் அந்தச் சிறு விழுக்காட்டினர்தான் மற்றவர்கள் பார்க்கும் படங்களையும் கேட்கும் பாடல்களையும் ஐபோனுக்கான மென்பொருள்களையும் உருவாக்குகிறவர்கள். அவர்கள் விண்டோஸ் பக்கம் போய்விட்டால் திரும்ப அழைத்துவர ஒரு கணினி போதாது. மௌனம் நீடித்தால் அவர்கள் காத்திருக்கக் காரணமே இல்லை என்பது அந்த அறைக்குள் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும்.

மறு வடிவமைப்பு: 2018, 2019

இடைக்கால ஏற்பாடாக 2017 டிசம்பரில் 4,999 டாலருக்கு ஐமேக் புரோ வந்தது. அதைவிடக் குறிப்பிடத்தக்க முடிவு நிறுவனத்துக்குள் எடுக்கப்பட்டது. படம், இசை, முப்பரிமாணத் துறைகளில் தொழில் செய்துகொண்டிருந்த கலைஞர்களை வேலைக்கு அமர்த்தி, அவர்கள் உண்மையான பணிகளைச் செய்வதைப் பொறியாளர்கள் பக்கத்தில் இருந்து பார்க்கும் குழு ஒன்று உருவானது. எங்கே தேக்கம் ஏற்படுகிறது, அது வன்பொருளிலா, இயக்கு மென்பொருளிலா, வேறொரு நிறுவனத்தின் நிரலிலா என்று அக்குழு தேடியது. 2018 ஏப்ரலில் இதை வெளியுலகுக்குச் சொன்னபோது, புதிய மேக் புரோ 2019-இல்தான் வரும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

2019 ஜூன் 3 அன்று காட்டப்பட்டது, 2006-ஆம் ஆண்டுப் பெட்டியின் பேரன்தான். எட்டு அட்டை இடங்கள், 1.4 கிலோவாட் மின்வழங்கி, 1.5 டெராபைட் வரை நினைவகம், இழுத்தால் கழன்றுவரும் கூடு, காற்றுக்காக முகப்பு முழுதும் குடைந்த துளைகள். தொடக்க விலை 5,999 டாலர், உருளையின் இருமடங்கு. இதோடு காட்டிய திரைக்குத் தாங்கி மட்டும் 999 டாலர் என்றபோது அரங்கத்தில் எழுந்த முணுமுணுப்பு ஒளிப்பதிவிலும் கேட்கிறது. ஸ்டூடியோக்கள் கேட்டது கிடைத்தது. வீட்டின் ஓர் அறையில் தொழில் செய்த தனியாட்களுக்கு எட்டாத உயரத்துக்கு அது போய்விட்டது.

பின்விளைவுகள்

அந்தப் பெட்டி 2019 டிசம்பர் 10 அன்று விற்பனைக்கு வந்தது. ஆறே மாதத்தில், 2020 ஜூன் 22 அன்று, இன்டெல் செயலிகளைக் கைவிட்டுத் தன் சொந்தச் செயலிகளுக்கு மாறப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த எம்1 செயலி, ஏ7-இலிருந்து தொடங்கிய கிளையில் பழுத்தது. விசிறியே இல்லாத மடிக்கணினியில் அது தந்த வேகம், புத்தாக்கம் பற்றிய பழைய விவாதத்தைச் சில ஆண்டுகளுக்கு ஓய வைத்தது.

2022 மார்ச்சில் வந்த மேக் ஸ்டூடியோவைப் பார்க்கும்போது உருளையின் நினைவு வராமல் போகாது. கொள்ளளவில் உருளையைவிடவும் சிறிய பெட்டி. உள்ளே மாற்றத்தக்க அட்டை எதுவும் இல்லை. கூடுதலாக வேண்டியதை வெளியே இணைத்துக்கொள்ள வேண்டும். 2013-இல் எதற்காகத் திட்டினார்களோ அதே ஏற்பாடு. இம்முறை பெரிதாகக் குறைசொல்லப்படவில்லை, ஏனெனில் உள்ளிருந்த செயலி அந்தப் பெட்டி தாங்கும் அளவுக்கே வெப்பம் உமிழ்ந்தது. உருளையின் கருத்தில் பிழையில்லை, அதற்கேற்ற செயலி அப்போது கையில் இல்லை என்பதே நான் வந்தடைந்த முடிவு. 2023 ஜூனில் 6,999 டாலருக்கு வந்த மேக் புரோவில் அட்டை இடங்கள் இருந்தும் கிராபிக்ஸ் அட்டைகள் வேலைசெய்யா. நினைவகத்தின் உச்ச அளவு 1.5 டெராபைட்டிலிருந்து 192 கிகாபைட்டுக்கு இறங்கியது. அதே செயலி மேக் ஸ்டூடியோவில் 3,999 டாலருக்குக் கிடைத்தது.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

உருளையை வெளியிட்டது பிழையென்று கருத வேண்டியதில்லை. பழைய பெட்டியை அன்றே கைவிட்டதுதான் பிழை. ஐரோப்பிய மின்பாதுகாப்பு விதிக்கேற்ப விசிறித் தடுப்பைத் திருத்தி, புதிய செயலியை ஏற்றி, பெட்டியையும் இரண்டு ஆண்டுகள் உடன் விற்றிருந்தால், கணிப்பு பலிக்கிறதா என்பதை வாடிக்கையாளர்களின் தேர்விலிருந்தே கற்றிருக்கலாம். இரட்டை கிராபிக்ஸ் என்ற கணிப்பு பலிக்கவில்லை என்பது 2015 அளவிலேயே துறையில் இருந்தவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கணிப்பை மறுபரிசீலனை செய்ய ஒரு நாளை முன்கூட்டிக் குறித்துவைத்திருந்தால் ஒப்புதலும் இரண்டு ஆண்டு முன்னதாக வந்திருக்கும். கலைஞர்களை அருகில் வைத்துக் கவனிக்கும் குழுவோ வடிவமைப்புக்கு முன்பே இருந்திருக்க வேண்டியது.

மேடைப் பேச்சைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2024 ஜூன் மாநாட்டில், பயனரின் சூழலைப் புரிந்துகொண்டு செயல்படும் சிரி உதவியாளரை நிறுவனம் காட்டியது. 2025 மார்ச்சில் அது தள்ளிப்போவதாக அறிவித்தது. புத்தாக்கம் நின்றுவிட்டதா என்ற கேள்வி மறுபடியும் எழுந்தது. மூன்று மாதம் கழித்து, முதலில் எழுதிய கட்டமைப்பு எதிர்பார்த்த தரத்தை எட்டவில்லை என்று உயர் அலுவலர்கள் நேர்காணல்களில் விளக்கினார்கள். அவர்களுள் ஒருவர், 2017-இல் வெப்ப மூலையைப் பற்றிப் பேசிய அதே மென்பொருள் பிரிவுத் தலைவர். மேடையில் காட்டியதற்கும் காரணத்தை விளக்கியதற்கும் இடையே உருளைக்கு நான்கு ஆண்டுகள் ஆயின; சிரிக்கு ஓராண்டு.